நூற்றுப் பன்னிரண்டாம் நாள்

வியாழன் காலை பசியாறி முடிப்பதற்குள்
செய்தி வந்துவிட்டது.
கைப்பேசியில், ஆறு வரி.
உடனடியாக நிறுத்தவும்.
எதை என்று சொல்லவில்லை.
எல்லாவற்றையும் என்று பொருள்.

கடல் தாண்டி ஏதோ ஒரு தலைநகரில்
ஏணி போட்டு
கட்டடத்தின் முகப்பிலிருந்து எழுத்துகளைக் கழற்றுகிறார்களாம்.
காவலாளி சன்னாசி கைப்பேசியில் காட்டினார்.
"அந்த எழுத்து பித்தளையா, தகரமா?
கிலோ என்ன விலைக்குப் போகும்?"
பழைய இரும்பு வாங்கும் ஆ சோங் கடை
எங்களுக்கு நேர் எதிரே.

சுங்கை மெராந்தியில் நாங்கள்
அவ்வளவு பெரிய எழுத்து வைத்திருக்கவில்லை.
மூடிப்போன மளிகைக்கடையின் மேல்மாடி,
இரண்டு அறை,
சளி பார்க்கும் கருவி ஒன்று, குளிர்பெட்டி ஒன்று.
எல்லாவற்றிலும் ஒரு ஸ்டிக்கர்:
இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு.
தண்ணீர் வடிகட்டியில்கூட.
கழிவறைக் கதவில்கூட.

படியேறி வருகிறவர்கள்
செம்பனைக் குலை அறுக்கிறவர்கள்.
ரங்பூர், சித்வே, லொம்போக்.
என் அப்பா இருமிய லயத்தில்
அதே தகரக் கூரையின் கீழ்
அறைக்கு எட்டுப் பேராக இருமுகிறார்கள்.
மண்டோரிடம் அவர்களின் கடப்பிதழ்,
எங்களிடம் அவர்களின் சளி.
இதுதான் ஏற்பாடு.

மதியம் இரண்டாவது கடிதம்:
சரக்குக் கணக்கு இன்றிரவே வேண்டும்.
அலமாரியில் உள்ளதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.
ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.
அந்தப் பெயரில் பகாங்கில் ஏதும் ஊர் இருக்கிறதா என்று
தேடிப் பார்த்தேன்.
இருந்தால், அங்கே மட்டும் மூடட்டும்.

கோபப்பட யாரைப் பிடிப்பது?
அவர்கள் பணம், அவர்கள் இஷ்டம்.
கொடுத்தபோதும் நம்மைக் கேட்டுக் கொடுக்கவில்லை.
"நம் அரசாங்கம் இருக்கிறதே" என்றாள் ரோஸ்லினா,
மருந்து எடுத்துத் தருகிறவள்.
இருக்கிறது.
வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு,
கடப்பிதழ் காட்ட வேண்டும்.
சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

கடிதத்தால் மூடப்படுவது
இந்த ஊருக்குப் பழக்கம்தான்.
வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றதும்
ஒரு தாளில்தான்.
பெரட்டுக்களத்தில் கிராணி படித்துக் காட்டினாராம்.
அதிலாவது ஒரு 'வருந்துகிறோம்' இருந்தது.
இதில் அதுவும் இல்லை.
சிக்கனம்.

ஸ்டிக்கரை உரிக்கச் சொன்னார்கள்.
வெந்நீர், நகம், கடைசியில் மண்ணெண்ணெய்.
உரித்த இடம் மட்டும் வெளுத்து நின்றது
குளிர்பெட்டியின் நெற்றியில்,
அன்பளிப்பு என்று எழுதியிருந்ததைவிடத் தெளிவாக.

ஐந்து மணிக்கு ரொஃபிக்குல் வந்தான்.
கையில் பச்சை அட்டை. நூற்றுப் பன்னிரண்டாம் நாள்.
முழங்கையில் முள் கீறல்.
மூச்சு வாங்கவில்லை என்று எனக்குக் காட்டவே
வேகமாகப் படியேறியிருந்தான்.
"பாகுஸ், காக்?"
பாகுஸ்தான் என்றேன்.
நூற்றெண்பதில் நூற்றுப் பன்னிரண்டு போனால்
அறுபத்தெட்டு.
பாதியில் நிறுத்திய மருந்தைத் தின்று
நோய்தான் கொழுக்கும்.
இதை இரண்டு வருடம்
நானே மலாயில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்,
சுவரொட்டியைத் தொட்டுத் தொட்டு.

சரக்குக் கணக்கு எடுக்கத் தொடங்கினேன்.
பெயர் எழுதிய பெட்டிகள்.
அவன் பெயர்ப் பெட்டியில் அறுபத்தெட்டு நாளும் இருந்தது.
கீழே சன்னாசி
இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு
ஆ சோங் கடைப் பக்கம் திரும்பி
வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

இரவு அனுப்பிய பட்டியலில்
கருவி ஒன்று. குளிர்பெட்டி ஒன்று.
பிளாஸ்டிக் நாற்காலி பதினான்கு, ஒன்று கால் உடைந்தது.
மாத்திரைப் பெட்டி இருபத்திரண்டு.

காலையில் இருபத்து மூன்று இருந்தது.

மற்ற இருபத்திரண்டு பேருக்கு
வெள்ளிக்கிழமை முறை.