உரிய

செவ்வாய்க்கிழமை விடிகாலை
புதுவயல் மில்லின் எடைமேடைக் கம்ப்யூட்டர்
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு
வந்த லாரியையெல்லாம் பூஜ்யம் என்றது.

பதினெட்டு டன் நெல்லோடு நிற்கிறது அறந்தாங்கி வண்டி.
டிரைவர் சேவியர் இறங்கி வந்து
கண்ணாடிக்கு வெளியே பல் குத்துகிறார்.
அவருக்குப் பின்னால் ஐந்து வண்டி.
ஹாரன்.

கையேட்டைப் பிரித்தேன்.
படி ஒன்று, இரண்டு, மூன்று, சரி.
படி நான்கு:
'உரிய போர்ட்டைத் தேர்வு செய்க.'

உரி என்றால் அரைப்படி. அது தெரியும்,
பதினோரு வருஷமாய் அரிசியோடு இருக்கிறேன்.
உரிய என்றால்?
பட்டியலில் ஏழு இருக்கின்றன,
ஒருதாய்ப் பிள்ளைகள் மாதிரி,
கடைசி எண் மட்டும் வேறு.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
"மேனுவல் படிச்சீங்களா?"
படிச்சேன் சார்.
"நல்லாப் படிங்க. அதுலயே இருக்கு."
வைத்துவிட்டார்.

காரைக்குடி குமரப்பன் எல்லாம் தெரிந்தவர்.
இந்தச் சுற்றுவட்டார மில்களுக்கு
அவர்தான் மாட்டிக்கொடுத்தார்.
முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் குரல்.
"இதுகூடத் தெரியாம எப்படிம்மா
அந்தச் சீட்டுல உக்காந்திருக்கீங்க?"
பக்கத்தில் யாரிடமோ சொன்னார்:
"புதுவயல்ல ஒண்ணு. உரியன்னா என்னன்னு கேக்குது."

கேக்குது.
நான் அஃறிணையான இடம் அது.

ஒன்றாம் எண்ணைத் தொட்டேன். பூஜ்யம்.
இரண்டைத் தொட்டேன்,
பிரிண்டர் வெற்றுத்தாளாய்க் கக்கத் தொடங்கியது.
உமித்தூசியில் கண் கரித்தது.
உமித்தூசிதான்.

சேவியர் கதவைத் திறந்து தலை நீட்டினார்.
"யக்கா, எனக்கு இதெல்லாம் தெரியாது.
வண்டியில எந்த ஒயரு எதுக்குன்னு புரியலைன்னா
ஒண்ணைப் பிடுங்கிட்டு
எது அணையுதுன்னு பார்ப்பேன்."

மேடையிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினேன்.
ஏழு, ஆறாயிற்று.
காணாமல் போனது ஐந்தாம் எண்.
மறுபடி மாட்டினேன். வந்தது.
அதைத் தொட்டேன்,
சிவப்பு எழுத்தில் அறந்தாங்கி நெல் எழுந்து நின்றது,
கிலோ சுத்தமாக.

கையேட்டில் 'உரிய'வை அடித்தேன்,
பேனா தாளைக் கிழிக்கும்வரை.

சாயங்காலம் போன். குமரப்பன்.
"சரியாயிருச்சா?"
ஆயிருச்சு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"பள்ளத்தூர் மில்லுல நிக்கிறேன். இங்கயும் அதேதான்."
குரல் இறங்கிற்று.
"எந்தப் போர்ட்டும்மா?"

"உரிய போர்ட்டுதான் சார்," என்றேன்.

வைத்த பிறகு நன்றாகத்தான் இருந்தது,
ஒரு டீ குடிக்கிற நேரம்.
அவருக்குப் பின்னால்
ஹாரன் கேட்டது.
ஐந்தாறு வண்டி இருக்கும்.