எர்த்து

பாலத்தில் ஏறியதும் கச்சான் பிடித்துக்கொண்டது.
முதுகில் நிற்கும் கீபோர்டைப்
பாய் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது.
வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்தே
எக்ஸெல்லைப் பாம்பனில் இறக்கினேன்.
காலிடுக்கில் ஸ்பீக்கர், பதினேழு கிலோ.
ஸ்டாண்டு சைலன்ஸர் பக்கம்,
கட்டியது பழைய வலைக்கயிறு.

புதுப் படகு மந்திரிப்பு.
பெயர் எழுதிய நீலம் இன்னும் விரலில் ஒட்டுகிறது.
'பேண்டு எப்பக்கா வரும்?' என்றான் ஒரு பொடியன்.
வந்தாச்சு என்றேன்.
தபேலா, வயலின், கோரஸ் பாடுகிற நாலு பேர்
எல்லாரும் இந்தப் பைக்குள்ளதான்.
அவன் ஜிப்பைத் திறந்து பார்த்தான்.

பகலில் நான் நண்டுக் கம்பெனியில்
சதை நிறுக்கிறவள்.
எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவியும்
கறுப்புக் கட்டைகளில் கொஞ்சம் நண்டு இருக்கும்.
நடு ரி உப்பில் செத்துவிட்டது.
அது வரும் பாட்டுகளில்
டிரான்ஸ்போஸை அமுக்கி
அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விடுவேன்.

மணலில் ஸ்டாண்டு நிற்குமா?
மூன்று காலும் மூன்று ஆழத்தில் போனது.
ஐஸ்பெட்டி மூடிகளை அடியில் கொடுத்து,
சிமெண்டுச் சாக்கில் மணல் அள்ளி
நடுக்கம்பியில் தொங்கவிட்டு,
ஸ்பீக்கர் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பினேன்.
இல்லாவிட்டால் பாட்டு முழுக்க
வடகடலுக்குப் போய்விடும்,
பந்தி பரிமாறுகிறவர்களுக்கு வாயசைவு மட்டும் மிஞ்சும்.

பேட்டரி எட்டு மணி நேரம் என்று
அட்டைப்பெட்டி சொல்லியது.
நாற்பது நிமிஷம் என்று பேட்டரி சொல்லும்.
ஆகவே தெக்லா வீட்டிலிருந்து லைன்,
நாலு வாசல், ஒரு ஆட்டுக்குட்டி தாண்டி.

சுவிட்சைப் போட்டதும்
ம்ம்ம்ம்ம்.
ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே
எந்தப் பாட்டிலும் சேராத ஒரு பிடிவாதம்.
வயரை மாற்றினேன். ம்ம்.
மைக்கைப் பிடுங்கினேன். ம்ம்.
மண்ணெண்ணெயில் துணி நனைத்து
ஜாக்கின் பச்சைக் களிம்பைத் துடைத்தேன்.
ம்ம்ம் என்றது, கதை கேட்பது மாதிரி.
ஜாக்கைத் தொட்டால் அடங்குகிறது,
கையெடுத்தால் ஆரம்பிக்கிறது.
தொட்டுக்கொண்டே வாசிக்க
மூன்றாவது கை வேண்டும்.

'எர்த்து காஞ்சு கெடக்குடா' என்றாள் தெக்லா,
புது ஃபேன் வாங்கினப்பவும் லைன்மேன் அதான் சொன்னான்.
கொழுந்தன் சவரியான் குடத்தைத் தூக்கினான்.
'நல்லதண்ணி குடம் எட்டு ரூவா,
மண்ணுக்கா ஊத்துவே?'
பிடுங்கி வைத்துவிட்டு
வாளியோடு கடலுக்கு இறங்கினாள்,
கல்யாணப் பட்டு முழங்காலுக்கு மேலே.

வீட்டுக்குப் பின்னால் அவள் ஊற்றுவதை
நான் பார்க்கவில்லை.
ஸ்பீக்கரில்தான் கேட்டேன்.
முதல் வாளிக்கு ம்ம் மெலிந்தது.
இரண்டாவது வாளிக்கு
இல்லை.

என் வயர்களைத் தின்கிற அதே உப்பு.

அவ்வளவு அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை.
வாழையிலை உதறுவது கேட்டது.
படகுக்குள் யாரோ எஞ்சின் மூடியைத் தட்டுவதும்.
எனக்கே தொட மனசு வரவில்லை.
சாமியார் தீர்த்தச் செம்போடு
அணியத்துப் பக்கம் வந்து நின்று
என்னைப் பார்த்தார்.
நீ ஆரம்பிப்பாயா நான் ஆரம்பிக்கட்டுமா
என்பது மாதிரி.

ஆரம்பித்தேன்.
இடது கையில் தபேலா, வலது கையில் வயலின்,
செத்த ரி-யைச் சுற்றிப்போகும் ஒரு ஒற்றையடிப்பாதை.
பொடியன் ஸ்பீக்கர் வலையில் உள்ளங்கையை வைத்து
'உள்ள யாரோ இருக்காங்க' என்று
மற்றவர்களைக் கூப்பிட்டான்.

மூன்றாவது பாட்டின் சரணத்தில்
தூரத்திலிருந்து வருகிற மாதிரி
ம்ம்
மறுபடியும்.
மணல் குடித்துவிட்டது.

கையை எடுக்க முடியாது.
தலையை மட்டும் நிமிர்த்தினேன்.
பந்தியில் பாதி எழுந்து,
சோற்றுக்கையை இலையிலேயே உதறி,
வாளி எங்கே என்று
தேடிக்கொண்டிருந்தாள் தெக்லா.