குடல் எடுக்கிறவள்

மூன்றரை மணிக்கு
வாலாஜா டோல்கேட் தாண்டிவிட்டதாக
தேசிங்கு போன் செய்வான்.
நான் கத்தியைத் தீட்டத் தொடங்குவேன்.

வேலூர் மீன் மார்க்கெட்டில் பதினெட்டு வருஷம்.
கடலை இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்,
இரண்டு தரமும் பஸ் ஜன்னல் வழியாக.
ஆனாலும் அங்கே யார் யாரைத் தின்றார்கள் என்று
எனக்குத் தெரியும்.

வஞ்சிரத்தின் வயிற்றில் முன்பெல்லாம் நெத்திலி,
செரிக்காமல், கண் திறந்தபடி.
சீலாவின் வயிற்றில் காரப்பொடி.
ஒருதரம் சூரைக்குள் கணவாய்,
கணவாய்க்குள் இறால்.
தராசு பிடித்திருந்த கவுஸ் பாய் சிரித்தார்:
"மூணுக்கும் காசு போடு, பூங்காவனம்."

இப்போது கீறினால்
காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி
சுருண்டு கிடக்கிறது இரைப்பை.
கொஞ்சம் பச்சைத் தண்ணீர்.
சில நாள் சொறி, கண்ணாடிக் கஞ்சியாக.
பசித்த மீனுக்கு எடை குறைவு, விலை அதிகம்.
இந்தக் கணக்கை
தினமும் பத்துப் பேருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது.

"மேத்தண்ணி சுடுதுக்கா," என்பான் தேசிங்கு.
"சின்ன மீனு கீழ எறங்கிடுச்சி.
பெரிசு பின்னாலயே போவுது.
ரொம்பக் கீழ போனா மூச்சு முட்டுதாம்,
மேல வந்தா வெந்து போவுதாம்.
நடுவுல கொஞ்சூண்டு எடம். அங்கதான் எல்லாம் நெருக்கிக்கினு கெடக்குது."
யார் சொன்னது என்று கேட்டேன்.
காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்காரன்.
அவனுக்கு, மீனை அளக்க வரும் ஒரு பெண்.
பேசி முடிப்பதற்குள்
அவன் செருப்பைச் சுற்றி ஐஸ் தண்ணீர் தேங்கிவிட்டது.

அது மே மாதம்.
கோட்டைச் சுவர் பகலில் வாங்கின வெயிலை
ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
அகழியில் ஒரு காலத்தில் முதலை விட்டிருந்தார்களாம்.
பிறகு மிதிபடகு விட்டார்கள்.
முதலை எங்கே என்று ஊர் ஒன்றும் தேடவில்லை.

ஆறு மணிக்கு ஜைபுன்னிசா வந்தாள்,
ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, கையில் பிளாஸ்க்கோடு.
மகளுக்கு ஏழாம் மாசமே பிறந்துவிட்டது.
கண்ணாடிப் பெட்டிக்குள் சூடு வைத்து வளர்க்கிறார்கள்.
பால் ஊறவில்லை.
புட்டுக்குச் சுறா வேண்டும்.

இருந்தது ஒரே ஒரு பால்சுறா, என் கை நீளம்.
கீறினேன்.
இரைப்பை காலி.
பக்கத்துப் பையில் இரண்டு குட்டி,
ஐந்தாறு இருக்க வேண்டிய இடத்தில்.
நகமளவு துடுப்பு.
பல் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு.
தான் ஒன்றும் தின்னாமல்
இதுகளுக்கு எதை ஊட்டிக்கொண்டிருந்தது?

"நல்லா இருக்கா?" என்றாள் ஜைபுன்னிசா.
"நல்ல மீன்."
உடம்பால் மறைத்துக்கொண்டு
குட்டிகளை எடுத்தேன்.
குடல் வாளியில் போட மனசு வரவில்லை.
ஐஸ் பெட்டியின் மூலையில் வைத்தேன்.
எடையில் சேர்க்கவில்லை.
கவுஸ் பாய் பார்த்தார், தராசைத் துடைத்தார்.

பத்து மணிக்குத் தரை கழுவினேன்.
உருகின ஐஸ் சாக்கடையோடு பாலாற்றுப் பக்கம் போகும்.
மணலில் நூறடி தாண்டாது.

"இன்னிக்கு சுறா இல்லக்கா,"
மறுநாள் டோல்கேட்டிலிருந்து தேசிங்கு.

விடிந்ததும் ஜைபுன்னிசா வந்தாள்.
கொஞ்சம் ஊறியிருக்கிறதாம்.
இன்னும் அரைக் கிலோ கேட்டாள்.