வெட்டியவை

செவ்வாய் மதியம் ஆம்புலன்ஸ்
உச்சிப்புளியைத் தாண்டவில்லை.
ரயில்வே கேட் மூடியிருந்தது என்கிறார்கள்.
திறந்துதான் இருந்தது என்கிறார் டிரைவர்.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
புதன் விடிய நாலரைக்கு
காற்று யார் சொல்வது?

சங்குமாலில் வல்லத்துக்கு டீசல் ஊற்றிக்கொண்டே
காது கொடுத்திருப்பார்கள்.
சின்னப்பாலத்தில் பாசிக்குப் போகும் பெண்கள்
விரல்களில் துணி சுற்றி
பல்லால் முடிச்சை இழுத்தபடி.

அக்கா தாளைப் பார்த்துப் படிக்காது.
வானிலைக்காரர்கள் அனுப்பியதை
மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு,
"கச்சான் இன்னிக்கு கோவமா இருக்காரு,
வடகடல்காரங்க கெளம்புங்க,
தென்கடல்காரங்க இன்னொரு டீ குடிங்க"
என்று சொல்லும்.
குடித்தார்கள்.

படகு பிடிபட்ட நாட்களில்
பதினோரு பேர் என்று செய்தி வரும்.
அக்கா வாயில் பதினோரு பேர் வந்ததில்லை.
லொயோலா, முனியசாமி, செய்யது பாபு என்று
தகப்பன் பேர் தெருப் பேர் சேர்த்துச் சொல்லும்.
நேரம் முடிந்துவிட்டதென்று
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கை காட்டுவேன்.
கண்ணாலேயே என்னைத் திட்டிவிட்டு
மிச்சப் பேரையும் சொல்லும்.

திரும்பாதவனை
இறந்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
"இன்னும் கரை வரலை."
மூன்று வருஷமாகியும் கித்தேரியானுக்கு
ஒவ்வொரு நவம்பரிலும் அதே வாக்கியம்.
அவன் பெண்சாதி
ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக் கேட்பாள்.

அந்த வாக்கியத்தை எடுத்துப் பார்த்தேன்.
தார்ரோட்டில் போன உயிருக்கு
அது சேரவில்லை.
காலமானார் என்று எழுதி அடித்தேன்.
எங்கள் வீட்டில் மவுத்து என்போம்,
அதையும் எழுதி அடித்தேன்.

ஒன்று சொல்கிறேன்,
கேட்டவர் யாருக்கும் தெரியாதது.
அக்கா கடலுக்குள் போனதே இல்லை.
பஸ் பாம்பன் பாலத்தில் ஏறினால்
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு
"மண்டபம் வந்திருச்சா சீனி" என்று கேட்கும்.
வந்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்காது.

ஆறு வருஷம் அக்கா குரலை வெட்டினேன்.
இருமலை, தொண்டைச் செருமலை,
நடுவில் புகுந்த ஐஸ் லாரி ஹாரனை,
"ஸ்ஸ், தப்பு, திருப்பிச் சொல்றேன்"களை.
இழுத்து வாங்கும் மூச்சு
கடைசி மாதங்களில் அதிகம் வந்தது.
"வெட்டிரு சீனி, கேக்கிறவுகளுக்கு எதுக்கு அது"
என்றது.
வெட்டினேன்.
சுத்தமாக வெட்டத் தெரியும் எனக்கு.
எவ்வளவு சுத்தமென்றால்
எனக்கே கேட்கவில்லை.

புதன் மூன்று மணிக்கு
குப்பை என்று நானே பெயர் வைத்திருந்த கோப்புறையைத்
திறந்தேன்.
மொத்தம் நாற்பத்தேழு நிமிஷம்.
சேமித்து வைத்த நிகழ்ச்சிகளில் அக்கா ஒலிபரப்பாளர்.
இதில் அமலோற்பவம்.
கொட்டாவி விடுகிறது,
சோற்றுக்கு என்ன வைப்பது என்று தனக்குள் பேசுகிறது,
மைக் ஓடுவது தெரியாமல்
மகள் பீஸுக்கு யாரிடமோ தவணை கேட்கிறது.

நாலரை.
விளக்கு சிவப்பானது.
ஒரே ஒரு செருமல்,
நாலு விநாடி.
அதைப் போட்டுவிட்டு
கவிழ்த்து வைத்திருந்த தாளை நிமிர்த்தினேன்.
"ச. அமலோற்பவம்,
சந்தியாகு மகள், அக்காள்மடம், கெழக்குத் தெரு"
என்று தொடங்கினேன்.
மேற்கொண்டு வரவில்லை.
காற்றுக்குத் தாவினேன்.
தென்மேற்கு, மணிக்கு நாற்பத்தைந்து,
எழுதியிருந்தபடியே,
ஒரு கோவமும் இல்லாமல்.

போன் அடித்தது.
சின்னப்பாலத்திலிருந்து ஒரு வயதான குரல்,
அலைச் சத்தத்துக்கு மேலே கத்தியது.
செய்தி அவளை எட்டியிருக்கவில்லை,
அல்லது எட்டியும்:

"ஏன்டா தம்பி, தொண்டையக் கனைக்குதே அந்தப் புள்ள,
கொஞ்சம் தண்ணி குடுத்தா என்ன?"