குடையை மடக்கியவன்

கழுத்து அட்டையில் என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்,
இளங்கதிர் என்பதில் ஓர் எழுத்து குறைவு.
பரவாயில்லை, அறை சரி:
ஹஸ்தம்பட்டி கல்யாண மண்டபம், மாடி,
மணமகள் அறை, பன்னிரண்டேகாலிலிருந்து ஒரு மணி.
அனிமே விழாவில் எனக்கு முக்கால் மணி நேரம்,
நாற்பத்திரண்டு ஸ்லைடு, ஒரே கேள்வி:
பதினேழாம் எபிசோடில்
பகைவர் படை ஊருக்குள் வரும்போது
கூட்டத்தின் ஓரத்தில் நின்று
குடையை மடக்கும் அந்த ஆள் யார்?

பதினோரு விநாடி வருகிறான்.
பெயரில்லை. வசனமில்லை.
லீ பஜாரில் ஜவ்வரிசி மூட்டைக்குக்
கணக்கு எழுதி முடித்த ராத்திரிகளில்
சத்தத்தை அணைத்துவிட்டு
நாற்பது தடவை பார்த்திருக்கிறேன்,
பக்கத்தில் தம்பியின் குறட்டை
அவனுக்குப் பின்னணி இசை.

கீழே மேடையில் காஸ்பிளே போட்டி.
அட்டை வாள், அறுத்த ஹெல்மெட்டில் கவசம்,
வேர்வையில் கரைந்து கழுத்துக்கு இறங்கும் நீலச் சாயம்.
ஒவ்வொரு விசிலுக்கும்
என் அறையில் இரண்டு நாற்காலி காலியானது.
மிச்சம் ஒன்பது பேர்.
அதில் ஒருவர் எலக்ட்ரீஷியன்,
நாளை முகூர்த்தத்துக்கு சீரியல் பல்பு கட்ட வந்தவர்,
ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

புரொஜெக்டர் நீலமாக விழித்தது.
தஸ்லீம் வயரைப் பிடுங்கினான், ஊதினான், செருகினான்.
நீலம்.
திரைத்துணிக்குப் பின்னால்
பழைய மணப்பெண்கள் கண்ணாடியில் ஒட்டிய பொட்டுகள்
வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.
பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டது.
ஆறு மாத வேலை என் மடியில்
சும்மா சூடாகிக்கொண்டிருந்தது.

மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தேன்.
"இப்படி நிக்கிறான்" என்றேன்.
"இப்படி மடக்குறான். அவசரமே இல்ல, பாருங்க.
அந்தத் தளபதியை அவனுக்கு முன்னாடியே தெரியும்.
தன் மூஞ்சி அவன் கண்ணுல படட்டும்னுதான் மடக்குறான்."

"மழ விட்ருச்சுண்ணா, அதான்."
நீல முடிக்காரன். சிரிப்பு.
"வரையறவங்களுக்குக் கை வலிச்சிருக்கும்."
எலக்ட்ரீஷியன் கேட்டார்:
"ஏன் தம்பி, அவன் செத்துப்போறானா?"
அது எனக்குத் தெரியாது.
அடுத்த காட்சியில் அவன் நின்ற இடத்தில்
ஒரு மீன்கூடை இருக்கிறது.

கடைசி வரிசையில் யாழ்மொழி, ஆத்தூர்,
ப்ளஸ் ஒன், கையைப் பாதிவரை தூக்கினாள்.
"அவரோட இடது தோள் மட்டும் நனஞ்சிருக்குண்ணா."

லேப்டாப்பைச் சுற்றி எல்லோரும் குனிந்தோம்.
நிறுத்தி, பின்னால் இழுத்து, நிறுத்தி.
இடது தோளில் துணி ஒரு பங்கு கருப்பு.
வலது தோள் காய்ந்து கிடந்தது.
நாற்பது தடவையும் நான்
மூஞ்சியையே பார்த்திருக்கிறேன்.

அப்போ குடை வலது பக்கம் சாய்ந்திருந்தது.
அப்போ அதற்குள் இன்னொருவர் இருந்தார்.
நாம் பார்க்க ஆரம்பிப்பதற்குள்
போய்விட்டார்.

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.
பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில்:
மகள். இல்லை, சம்சாரம். அந்தத் தளபதியேதான்!
"ஆட்டுக்குட்டியாக்கூட இருக்கலாம்"
என்றார் எலக்ட்ரீஷியன், விளையாட்டாகச் சொல்லவில்லை.

தஸ்லீம் கதவைத் தட்டினான், அடுத்த குழு வெளியே.
படியில் நின்று பேசினோம்.
வாழைமரம் தூக்கி வந்தவர்களுக்கு
வழிவிட்டுப் பேசினோம்.
தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கி
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்தச் சிந்தப் பேசினோம்.
என் ஆறு மாதத்தில் யாரும்
என்னோடு இவ்வளவு சண்டை போட்டதில்லை.
ஆத்தூர் பஸ்ஸில் ஏறிய யாழ்மொழி
ஜன்னலில் தலையை நீட்டி,
"நீங்க சொன்னது தப்பில்லண்ணா, பாதி" என்றாள்.

ராத்திரி நாற்பத்திரண்டு ஸ்லைடையும் அழித்தேன்.
பொய். முப்பத்தெட்டு.
அப்புறம்தான் கவனித்தேன்:
மண்டபத்துக் குடை என்னோடு வந்திருக்கிறது.
கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது.
யாருடையது என்று தெரியவில்லை.