விரைவில்

அறுபது நொடி முன்னோட்டம்.
ஆற்றங்கரையில் ஒரு குதிரை, மேலே ஆளில்லை,
குனிந்து தண்ணீர் குடிக்கிறது.
பிறகு கறுப்புத் திரை. ஒரே சொல்: விரைவில்.

அப்போது எனக்குப் பத்தொன்பது.
செல்லூர் பட்டறையில் வாங்கிய முதல் தீபாவளி போனஸை
அப்படியே முன்பதிவுக்குக் கட்டினேன்.
அஷ்ரப்பும் நானும் குதிரைக்குப் பெயரே வைத்துவிட்டோம்:
பைபாஸ்.

அடுத்த வருடம் என்றார்கள்.
அதற்கடுத்த சித்திரை. பிறகு ஐப்பசி.
ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பின்னணியில் ஒரு கடிதம்,
தரத்தில் சமரசம் இல்லை,
உங்கள் பொறுமைக்கு நன்றி.
எந்தப் பொறுமைடா?
நான் திட்டியதையெல்லாம் அடித்து அனுப்பினால்
கீபோர்டே கூசும்.

இதற்கென்றே வாங்கிய கார்டு பழசாகிவிட்டது.
அஷ்ரப் ஷார்ஜா போனான், வந்தான், மறுபடி போய்விட்டான்.
நம்ம வைகையில் தண்ணீர் வந்தது, வற்றியது, வந்தது.
பைபாஸ் மட்டும் இன்னும்
குடித்து முடிக்கவில்லை.

இன்று காலை வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினால்
எதிரே ஆனையூர் நாகமணி டீச்சர்.
"நம்ம கேட் என்னாச்சு தம்பி? மூணு மாசமாச்சு.
தெருநாய் உள்ள வந்து குட்டியே போட்ருச்சு."
"அவசரத்துல செஞ்சா பினிஷிங் வராதுங்க டீச்சர்"
என்றது என் வாய்.

அவர் திட்டவில்லை.
முன்பணம் குறித்த சீட்டை மடித்து
மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டு
ஸ்கூட்டியைத் திருப்பினார்.

சட்டம் சுவரில் சாய்ந்திருக்கிறது.
கம்பி இன்னும் வெட்டவே இல்லை.
மதியம் கரண்டும் போய்விட்டது, அது நிஜம்தான்.
போனை எடுத்து
அந்த அறுபது நொடியை
இன்னொரு தடவை பார்த்தேன்.