தாமதத்துக்குக் காரணம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
லிங்கன் நகரத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்.
குடமில்லாத குடவோலை.
கைவிட்டு எடுக்கக் குழந்தையும் இல்லை.
எங்கள் இருபத்திரண்டு ஓட்டுநர்களில்
இந்த வருடம் மூன்றாம் முறையாக
எமில் துஷெக்.

"லாட்டரியில் ஒருதடவையாவது இப்படி விழுந்திருக்கலாம், ரோவீனா"
என்றபடி சாவியை என் மேசையில் வைத்தார்.
கணினிக்கு ஞாபகம் கிடையாது என்றேன்.
போன தடவையும் அதைத்தான் சொன்னேன்.
வெளியே அவர் லாரியில்
இருபத்தைந்து டன் சர்க்கரை பீட்ரூட்
நெப்ராஸ்கா பனியில் விறைத்துக் கிடந்தது.
பதினோரு மணிக்கு ஆலையில் இறக்க வேண்டும்.

சொன்ன பிறகு காபி கிடையாது.
"இதோ ஒரு நிமிஷம்" கிடையாது.

மார்வெல்லா வேனிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தாள்.
கழிவறைத் தண்ணீரில் நீலம் கலந்தாள்,
குழாயை மூடி அதன்மேல் டேப் ஒட்டினாள்,
சோப்பை எடுத்து என் மேசையில் வைத்தாள்,
ஏனோ என் குடும்பப் படத்துக்குப் பக்கத்தில்.
எமில் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார்:
டீசல் ரசீது, பல்குத்தி,
வயிற்றெரிச்சல் மாத்திரையின் கசங்கிய பட்டை.

வேண்டியது நாற்பத்தைந்து மில்லி.
சின்ன டம்ளரில் கால்பங்கு.
வந்தது பத்துச் சொட்டு.

மார்வெல்லா நேரத்தைக் குறித்தாள்.
இனி மூன்று மணி நேரம்.
அதற்குள் வராவிட்டால் மருத்துவர் காரணம் தேடுவார்.
காரணம் கிடைக்காவிட்டால் அதன் பெயர் மறுப்பு.
போதையில் பிடிபட்டவனும் கூச்சப்பட்டவனும்
அங்கே ஒரே வரிசையில் நிற்பார்கள்.

காத்திருக்கும் நேரத்தில்தான் வெண்டல் வருவான்.
நாலு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை
அவன் பெயர் விழுந்தது.
மறுநாள் மகளுக்குப் பட்டமளிப்பு.
"திங்கட்கிழமை வைத்துக்கொள்ளேன்" என்றான்.
வைத்துக்கொண்டேன்.
திங்கட்கிழமை சுத்தமாக வந்தது.
இன்றும் ஓட்டுகிறான்,
எந்தப் பள்ளத்திலும் கவிழவில்லை.
வெள்ளிக்கிழமையும் சுத்தமாகத்தான் இருந்திருப்பான்.
எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.
தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது.

இரண்டு மணி நாற்பது நிமிடம்.
ஐந்து டம்ளர் தண்ணீர்.
"பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான்" என்றார் எமில்,
தன் பூட்ஸைப் பார்த்தபடி.
"வெளியே யாரோ காத்திருக்கிறார்கள் என்றால் போதும்,
உள்ளே எதுவோ கதவைச் சாத்திக்கொள்ளும்."
பிறகு, இன்னும் மெதுவாக,
"அந்தக் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டால்…"

மார்வெல்லா முடியாதென்று தலையசைத்தாள்.
பேனாவை மூடினாள். திறந்தாள். மூடினாள்.

மேகம் எப்போது விலகியது என்று நான் பார்க்கவில்லை.
கழிவறை ஜன்னலுக்கு மேலே
மூன்று வாரமாகத் தொங்கிய பனிக்கூர்
ஒரு சொட்டு விட்டது.
தகரத்தில் டிங் என்றது.
இன்னொன்று.
பிறகு தெற்குக் கூரை முழுவதும்
எண்ணமுடியாதபடி.

விதிப்புத்தகத்தில் குழாய்க்கு வரி உண்டு.
கூரைக்கு இல்லை.

எமில் எழுந்து போனார்.

கோப்பையின் பச்சைப் புள்ளி
உடம்புச் சூடு சரி என்றது.
இரண்டு புட்டி, இரண்டு முத்திரை,
இரண்டின் மேலும் அவருடைய சுருக்கெழுத்து.
கை கழுவச் சோப்பை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
நன்றி என்றார், எதற்கென்று சொல்லாமல்.
லாரி வாசலைத் தாண்டும்போது ஒருமுறை ஹாரன் அடித்தார்.

ஒன்றரை மணிக்கு ஆலையிலிருந்து போன்.
அவர்கள் அனுப்பிய படிவத்தில் ஒரு கட்டம்:
தாமதத்துக்குக் காரணம்.
சோதனை என்று எழுத எனக்கு உரிமையில்லை,
அது அவருடையது.
பேனாவோடு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வானிலை, என்று எழுதினேன்.
வெளியே இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.